கொல்லிப்பாவையின் ஆற்றல்: பாட்டு உரைப்பதும் கதை உரைப்பதும்

தோற்றுவாய்

வியப்புக்குரிய ஆற்றல் படைத்த கதைமாந்தர் எங்குத் தோன்றினும், அவ்வாற்றலின் எல்லை யாது என வினவுவோரும் உடன் தோன்றுவர். 1972ஆம் ஆண்டில் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியே தமிழ்ச் சிறுவர் உள்ளத்தில் இடம்பிடித்தவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் உடலிற் பாய்ந்தால் அவர் உருவம் மறையும். இரும்புக்கை மட்டும் மறையாது நிற்கும். இவ்வளவே விதி. ஆயினும் உடுத்த உடை மறைவது எவ்வாறு, கையில் எடுத்த பொருள் மறையுமா, மறைந்த உருவம் மீள எவ்வளவு நேரமாகும் என அந்நாளைய மாணவர் விடுதிகளில் எழுந்த வழக்குகள் பல. கதையில் மூழ்கியவனே கதைக்குள் ஓர் ஒழுங்கைத் தேடுகிறான். ஆதலின் இவ்வினாக்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிடல் தகாது.

இத்தகைய வினாக்களைத் தமிழ் மாணவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கதைமாந்தர் ஒருத்தி சங்கப் பாடல்களிலேயே இருக்கிறாள். அவளே கொல்லிமலையின் மேற்குச் சரிவில் நிற்பதாகப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை. அவள் சிரித்துக் கொல்வாள் என்று வகுப்பறையில் சொன்ன அளவிலேயே மாணவர் கைகள் உயரும். யாரைக் கொல்வாள்? எல்லாரையுமா, தீயவரை மட்டுமா? கல்லாகிய பாவை சிரிப்பது எங்ஙனம்? அவளை வெல்லும் வழி உண்டா? இவ்வினாக்களுக்குப் பாடல்கள் தரும் விடை எது, பிற்காலக் கதை தரும் விடை எது எனப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் பாவையும்

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 1997இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும் வரை சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும், அறப்பளீசுவரர் கோயிலையும், அதனருகே வீழும் ஆகாயகங்கை அருவியையும் சென்று கண்டோர் அறிவர். பலாவும் தேனும் இம்மலையின் பழம்பெரும் வளங்கள். சங்கப் புலவர்கள் கொல்லியைப் பாடுமிடத்துப் பலாவைப் பெரிதும் மறப்பதில்லை. மலைவாழ் மக்கள் வழிபடும் எட்டுக்கை அம்மனே பண்டைய கொல்லிப்பாவை என்னும் நம்பிக்கையும் இங்கு வழங்கிவருகிறது.

பாவையைக் குறிக்கும் பாடல்களுள் ஏழு இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவை நற்றிணை 185, 192, 201. குறுந்தொகை 89, 100. அகநானூறு 62, 209 என்பன. ஏழும் அகப்பாடல்கள் என்பதை வாசகர் முதலிலேயே மனத்திற் கொள்ளல் வேண்டும். பாவையின் வரலாற்றைக் கூறுவதற்கென எழுந்த பாடல் இவற்றுள் ஒன்றும் இல்லை. ஏழிலும் அவள் உவமையாகவே வருகிறாள்; காதலிக்கப்பட்ட ஒரு பெண்ணை விளக்கவே வருகிறாள். நம் வினாக்களுக்குரிய திறவுகோல் இச்செய்தியில்தான் உள்ளது.

வழங்கும் கதை

இன்று பரவலாக வழங்கும் கதை பின்வருமாறு அமைகின்றது. கொல்லிமலை தேவரும் முனிவரும் தங்குதற்கேற்ற எழில் மிக்க இடம். அவர்களுக்கு இடர் செய்ய அவுணரும் அரக்கரும் வருவர். அவர்களைத் தடுக்கத் தெய்வத் தச்சன் பெண்ணுருவில் ஒரு பாவையைச் செய்து நிறுத்தினான். பகைவர் அணுகும் வாடை பட்டதும் அப்பாவை நகைக்கும். அந்நகையில் மயங்கி நெருங்குவோர் உயிரிழப்பர். இருபதாம் நூற்றாண்டில் எழுந்த விளக்கங்களிலும் அகராதிகளிலும் சிற்சில வேறுபாடுகளுடன் இக்கதையைக் காணலாம்.

இக்கதையை உற்று நோக்கின், மாணவர் எழுப்பும் ஒவ்வொரு வினாவிற்கும் அது விடை வைத்திருப்பது புலனாகும். செய்தவன் யார் என்றால் தெய்வத் தச்சன் என்கிறது. கொல்லப்படுவோர் யார் என்றால் அவுணரும் அரக்கரும் என்கிறது. வருவோரை அறிவது எவ்வாறு என்றால் வாடையால் என்கிறது. கருவி யாது என்றால் நகை என்கிறது. நோக்கம் யாது என்றால் நல்லோரைக் காத்தல் என்கிறது. அழகிய பாவை ஏன் கொல்லவேண்டும் என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். அக்கேள்விக்கு மறுமொழியாகவே இக்கதை வளர்ந்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. இனிப் பாடல்களை நோக்குவோம்.

செய்தவர் யார்?

பாவையைச் செய்தவரைக் குறிக்கப் புலவர்கள் ஆளும் சொற்கள் ஒரு தன்மையன அல்ல. நற்றிணை 185 தெய்வம் என்கிறது. குறுந்தொகை 89 கரிய கண்ணையுடைய தெய்வம் என்கிறது. அகநானூற்றுப் பாடல்கள் இரண்டும் கடவுள் என்கின்றன. நற்றிணை 192 மட்டும் பூதம் என்கிறது. மனிதக் கை செய்ததன்று என்பதில் இவையனைத்தும் ஒன்றுபடுகின்றன. எத்தெய்வம் என்பதில் ஒன்றுபடவில்லை. தச்சன் என்னும் சொல்லோ இவற்றுள் யாண்டும் இல்லை.

வினைச்சொற்களின் வேறுபாடு இதனினும் நயமுடையது. நற்றிணை 185, குறுந்தொகை 89, அகநானூறு 62 ஆகிய மூன்றும் 'எழுதிய' என்கின்றன. நற்றிணை 192 'புணர்த்த' என்கிறது. அகநானூறு 209 'ஆக்கிய' என்கிறது. எழுதுதல் என்பது பழந்தமிழில் ஓவியம் தீட்டுதலையும் குறிக்கும். அவ்வாறாயின் பாவை மலைப்பாறையில் தீட்டிய ஓவியமாதல் கூடும். புணர்த்தல் என்பது பல உறுப்புகளை ஒன்றோடொன்று இயைத்தல். அப்பொருள் கொண்டால் பாவை இயைத்துச் செய்த உருவமாகும். பாவையை இயந்திரம் என்று கருதுவோர்க்குத் துணையாவது இவ்வொரு சொல்லே. ஆக்குதல் என்பதோ இரண்டிற்கும் பொதுவாய் அமையும். ஓவியமா சிற்பமா என்னும் முதல் வினாவிற்கே பாடல்கள் ஒரு முகமாக விடை கூறவில்லை என்பது இதனால் விளங்கும். தீட்டியதோ செதுக்கியதோ, மனிதர் திறனுக்கு அப்பாற்பட்ட அழகு என்பதே புலவர்க்கு வேண்டியிருந்தது.

யாரைக் கொன்றாள்?

இனி முதன்மையான வினாவிற்கு வருவோம். ஏழு பாடல்களுள் கொலை என்னும் பேச்சு எழுவது நற்றிணை 185இல் மட்டுமே. அப்பாடலில் பேசுபவன் தலைவன், கேட்பவள் தோழி. காதல் கைமீறித் துன்புறும் தன் நிலையைக் கண்ணால் கண்ட பின்னும் தோழி இரங்கவில்லை என்று அவன் முறையிடுகிறான். தெய்வம் எழுதிய பாவையை ஒத்தவள் என்னைக் கொல்ல எண்ணிவிட்டாள், நான் நோவேனோ என்று அவன் புலம்புகிறான்.

இங்குச் சொற்கள் நிற்கும் முறையைக் கூர்ந்து காணவேண்டும். பாவையை ஒத்தவள் என்று முதலில் தலைவியைச் சுட்டிவிட்டு, அவள் கொலை எண்ணினாள் என்று பின்னர்க் கூறுகிறான். இலக்கண நெறிப்படி கொலைக்கு எழுவாய் தலைவியே, பாவை அன்று. பாவை கொல்லும் இயல்பினள் என்பது முன்பே கேட்போர்க்குத் தெரிந்திருந்தமையால்தான் அவ்வுவமை இவ்விடத்துப் பொருந்தியது என்று வாதிடலாம். அவ்வாதத்தைத் தள்ளிவிட இயலாது. ஆயினும் அது படிப்போர் செய்துகொள்ளும் உய்த்துணர்வே. அழகால் மட்டும் பாவையை ஒத்தவள், செயலால் கொடியவளாயினாள் என்று பொருள்கொள்ளவும் பாடல் இடந்தருகிறது.

இப்பாடலே மற்றொரு சான்றையும் தன்னுள் கொண்டுள்ளது. பாவை நிற்கும் கொல்லியைப் புனையும்போது, பாணர் பரிசிலாகப் பெற்ற குதிரைகளின் குளம்பு பட்டுத் தேய்ந்த சிறிய பாறைவழியைப் புலவர் காட்டுகிறார். அவ்வழியே இரவலர் சோர்வின்றி மேலேறுவராம். மேற்குப் பக்கத்தில் காந்தள் மலர்ந்திருக்கிறது, தேனடைகள் தொங்குகின்றன. அணுகுவோரையெல்லாம் அப்பாவை கொல்வதாயின், பரிசில் வேண்டி இரவலர் அம்மலை ஏறுவது எங்ஙனம்? அவர்தம் குதிரைகள் பாறை தேயுமளவிற்கு வந்து போவது எங்ஙனம்? கொலையைக் கூறும் அதே பாடலில் மக்கள் நடமாட்டம் மிக்க மலைவழி ஒன்றும் தோன்றுகிறது.

கபிலர் பாடிய குறுந்தொகை 100 இதனை மேலும் வலியுறுத்தும். வல்வில் ஓரியின் கொல்லியில் மக்கள் ஐவன நெல்லை விதைக்கின்றனர். பயிரிடையே வளர்ந்த மலைமல்லிகையையும் மரலையும் களைகின்றனர். காந்தளை வேலியாக உடைய சிறுகுடியில் வாழ்கின்றனர். பசி வந்தால் யானைத் தந்தத்தை விற்று உண்கின்றனர். களை பறித்தலும் பசித்தலும் விற்று உண்ணலுமாகிய இவ்வன்றாட வாழ்வின் நடுவேதான் பாவை வருகிறாள். அவளை உவமையாக்கிய கபிலர் தலைவியின் மடத்தையே எடுத்துரைக்கிறார். மடம் என்பது இளமைக்குரிய கள்ளமற்ற மென்மை. கொலைக்குச் சூழ்ச்சி செய்பவளுக்கு முற்றிலும் மாறான பண்பு அது.

இனி நற்றிணை 192ஐக் காண்போம். இப்பாடலின் தலைவி, புலியும் யானையும் கரடியும் திரியும் மலைவழியே தலைவன் தன்னைக் காண வருதலை எண்ணி அழுதுகொண்டிருக்கிறாள். அவளுக்குத் தலைவன் ஆறுதல் கூறுகிறான். கொல்லியின் மேற்கு மலையில் பூதம் செய்த பாவை இளவெயிலில் தோன்றினாற் போன்ற உன் அழகை நினைத்து வந்தால், அந்த மலைவழியே எனக்குக் காவலாகும் என்பது அவன் மொழி. நற்றிணை 185இல் உயிர் வாங்குவதாகச் சொல்லப்பட்ட அழகு, ஏழு பாடல்கள் கடந்த அளவில் உயிர் காப்பதாகிறது! பாவை ஒன்றே; மலை ஒன்றே; மேற்குத் திசையும் ஒன்றே. வேறுபட்டது காதலன் நிலை. மறுக்கப்பட்டவனுக்கு அவள் கூற்றம். ஏற்கப்பட்டவனுக்கு அவள் ஏமம்.

சிரித்தாளா? நடந்தாளா?

பாவையின் கருவி நகை என்பது கதையின் உயிர்நிலை. ஆனால் ஈண்டு எடுத்துக்கொண்ட ஏழு பாடல்களுள் பாவை நகைத்ததாக ஒன்றும் கூறவில்லை. பரணர் பாடிய அகநானூறு 62இல் நகை ஒன்று வருகிறது. தலைவியின் பற்கள் முறுவலால் பொலிவதாகத் தலைவன் புகழ்கிறான். பாடலின் இறுதியில் அவளைக் கடவுள் எழுதிய பாவைக்கு ஒப்பிடுகிறான். அந்நகை தலைவியினுடையது, பாவையினுடையது அன்று. ஒரே பாடலில் நகையும் பாவையும் அடுத்து நிற்பதால், ஒன்றன் இயல்பு மற்றொன்றின் மேல் ஏறியிருக்கக் கூடுமோ என்று எண்ணத் தோன்றுகிறது. இது கருத்தளவே; முடிந்த முடிபன்று.

அப்பாடலின் பொருள் மேலும் நோக்கத்தக்கது. ஊரார் தூற்றும் அலருக்கு அஞ்சாமல் வந்த தலைவி, காவிரிப் பெருவெள்ளத்தில் நீராடுபவளைப் போலத் தலைவனைத் தழுவி அவன் நடுக்கந் தரும் துயரைத் தீர்த்தாள் என்கிறது பாடல். துயர் தீர்த்தவளையே பாவை என்கிறான் அவன். கொலையின் நிழல்கூட அங்கில்லை.

பாவை அசைவாளா என்னும் வினா 'இயல்' என்னும் சொல்லைப் பற்றியது. நற்றிணை 192இலும் குறுந்தொகை 89இலும் பாவைக்கு அடையாக இச்சொல் வருகிறது. இயலுதல் என்பது நடத்தலையும் குறிக்கும், செய்யப்படுதலையும் குறிக்கும். இயல் எனப் பெயராக நின்று தன்மையையும் குறிக்கும். நடத்தல் என்று கொண்டால் பாவை இயங்குவாள். தன்மை என்று கொண்டால் நற்பண்புடைய பாவை என்ற அளவில் நிற்கும். ஒரு சொல்லின் இரு பொருளிலிருந்து இரு வேறு பாவைகள் பிறக்கின்றனர். இத்தகைய இடங்களில் உரையாசிரியன் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அத்தேர்வே பின்னர்க் கதையாகிறது.

குறுந்தொகை 89இல் பரணர் காட்டும் பாவையும் அச்சுறுத்துபவள் அல்லள். கொல்லி அச்சம் முதிர்ந்த மலை என்பது உண்மையே; அதனை எழுதிய தெய்வமும் கரிய கண்ணினதே. ஆனால் உவமிக்கப்படும் பெண்ணோ உரலில் குற்றிக்கொண்டே வள்ளைப்பாட்டுப் பாடும் மெல்லியல்புடைய சிறுமகள். அயலார் அதனைப் பழித்துப் பேசினால் பேசட்டும், இவள் பாடியதால் இப்பேதை ஊருக்கு என்ன கெட்டது என்று அவள் பக்கம் நின்று பேசுகிறாள் தோழி. அச்சம் மலையைச் சார்ந்தது. மென்மை பாவையைச் சார்ந்தது.

அழிவு உண்டா?

பரணரின் நற்றிணை 201 பாவையின் ஆற்றலைப் பற்றி ஒரு தெளிவான விதியைத் தருகிறது. காற்று மோதினாலும், விரைந்து மழை பொழிந்தாலும், இடி சினந்து வீழ்ந்தாலும், இடையூறு பல தோன்றினாலும், நிலமே பெயர்ந்தாலும் தன் அழகிய வடிவம் கெடாத பாவை என்கிறார் அவர். ஐந்து பகைகளை அடுக்கி ஐந்தும் தோற்றன என்று காட்டும் இப்பகுதியே பாவையின் ஆற்றல் குறித்துச் சங்கப் பாடல் தரும் மிக விரிவான செய்தி. அது கொல்லும் ஆற்றல் அன்று, அழியாதிருக்கும் ஆற்றல்.

இதனைக் கூறவேண்டிய தேவை என்ன? மலைக்குறவனின் அன்பு மகளாகிய அவள் பெறுதற்கு அரியவள், கடுங்காவலில் உள்ளவள், சொல்லுக்கு எதிர்மொழி தராதவள், இளையவள், ஆதலால் அவளை நினையாதே என்று பாங்கன் இடித்துரைக்கிறான். தலைவன் விடை கூறுகிறான்: எது வந்தாலும் நிலைபெயராத பாவையைப் போல அவள் என் நெஞ்சை விட்டுப் போகமாட்டாள். பாவையின் நிலைபேறு காதலின் நிலைபேற்றுக்கு அளவுகோலாயிற்று. அன்றியும், அப்பாடலில் உயர்ந்த மலைமுடியைக் காப்பது தெய்வம் என்கிறார் பரணர். கதையில் காவலுக்கு நிற்பவள் பாவை; பாடலிலோ காவல் தெய்வத்தினுடையது.

கல்லாடனாரின் அகநானூறு 209 இந்நிலைபேற்றுக்கு வரலாற்றுத் துணையாகிறது. முள்ளூர் மன்னன் காரி, வல்வில் ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்த செய்தியை அப்பாடல் கூறுகிறது. கபிலர் பாட்டில் ஓரியின் மலை; பரணர் பாட்டில் சேரனாகிய பொறையனின் மலை. ஆண்டவர் மாறினர், பலராலும் புகழப்படும் பாவை மாறவில்லை. ஐந்தொரு பகைகளோடு அரசுரிமை மாற்றத்தையும் ஆறாவதாக நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறநாட்டு ஒப்புமை

தெய்வம் செய்த காவற்பாவைகள் உலக இலக்கியங்களில் வேறும் உள. கிரேக்கர் கூறும் தாலோசு வெண்கலத்தாலான மாமனிதன். கிரீட்டுத் தீவை நாள்தோறும் மும்முறை சுற்றி வந்து, அணுகும் மரக்கலங்கள் மேல் பாறைகளை வீசுவான். அவன் உடலில் உயிர்நீர் ஓடுவது ஒரே நரம்பு. கணுக்காலில் அது மெல்லிய தோலால் மட்டும் மூடப்பட்டிருக்கும். மெடியாவின் மந்திரத்தால் மயங்கிய தாலோசின் கணுக்கால் பாறையில் உரசி, உயிர்நீர் வழிந்து அவன் வீழ்ந்ததாக அப்பொல்லோனியரின் காப்பியம் கூறும்.

ஆயிரத்தொரு இரவுகளில் மூன்றாம் கலந்தர் சொல்லும் கதை நம் சமுதாயத்தில் பலரும் கேட்டு மகிழ்ந்ததே. கப்பல்களின் ஆணிகளை ஈர்த்து உடைக்கும் காந்த மலையின் உச்சியில் பித்தளைக் குதிரைவீரன் ஒருவன் நிற்பான். அவன் நிற்கும் வரை கலங்கள் உடையும். கதைத்தலைவன் தான் உறங்கிய இடத்தின் காலடியைத் தோண்டி, பித்தளை வில்லையும் மூன்று ஈய அம்புகளையும் எடுத்து எய்ய வேண்டும். பின்னர் வரும் படகில் இறைவன் திருப்பெயரை மொழியலாகாது. மீட்சி கிட்டிய மகிழ்ச்சியில் அவன் இறைவனைப் புகழ்ந்துவிடப் படகு கவிழ்கிறது. விதியும் விதிமீறலும் சேர்ந்து கதையை நடத்துகின்றன.

இவ்விரண்டோடும் ஒப்பிடும்போது நம் பாவையின் தனித்தன்மை துலங்கும். தாலோசுக்குக் கணுக்கால் உண்டு. குதிரைவீரனுக்கு ஈய அம்பு உண்டு. கொல்லிப்பாவைக்கு வலுக்குறைந்த இடம் எதனையும் புலவர்கள் சொல்லவில்லை. அவளை வென்ற வீரன் ஒருவனையும் படைக்கவில்லை. கதைப்பாத்திரத்திற்கு விதி வேண்டும். ஏனெனில் கதை நகர வேண்டும். உவமைக்கு அத்தகைய விதி வேண்டுவதில்லை; ஒப்புமை ஒன்று போதும்.

உவமை நெறி

தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என நான்கு நிலைகளில் உவமை தோன்றும் என்பார். தண்டியாசிரியர் பண்பு, தொழில், பயன் என மூன்றாக வகுப்பார். தண்டியார் வகுத்த நெறியை நம் ஏழு பாடல்களுக்கும் பொருத்திப் பார்ப்போம்.

குறுந்தொகை 89 மென்மையையும், குறுந்தொகை 100ம் அகநானூறு 62ம் மடத்தையும், அகநானூறு 209 புகழ்மிக்க நலத்தையும், நற்றிணை 201 கெடாத நிலைபேற்றையும் ஒப்பிடுகின்றன. இவ்வைந்தும் பண்புவமை. நற்றிணை 192 காவலாகும் பயனைக் கூறுதலின் பயனுவமை. நற்றிணை 185ஐக் கொலை பாவைக்கும் உரியது என்று கொண்டால் தொழிலுவமை; அவ்வாறு கொள்ளாவிடின் அதுவும் பண்புவமையே. ஆகவே ஏழனுள் ஐந்து உறுதியாகப் பாவையின் பண்பைப் பேசுகின்றன. ஒன்று காக்கும் பயனைப் பேசுகிறது. ஒன்றே கொல்லும் தொழிலைப் பேசுவதாகக் கொள்ள இடந்தருகிறது. அவ்வொன்றும் துயருற்ற ஒரு தலைவனின் முறையீடு.

இக்கணக்கைக் கண்டபின் மாணவர் வினாவிற்கு நேர்விடை கூறலாம். பாவையின் ஆற்றலுக்குத் தனி விதித்தொகுப்பு ஒன்றைப் புலவர்கள் வைத்திருக்கவில்லை. பாடுவோனின் நெஞ்சம் எந்நிலையில் உள்ளதோ அந்நிலைக்கேற்ற ஓர் இயல்பை மட்டும் பாவையிடமிருந்து எடுத்துக்கொண்டனர். எனவே ஒரு பாட்டின் பாவையை மற்றொரு பாட்டின் பாவையோடு மோதவிட்டு முரண் காண்பது பயனற்ற முயற்சி. முரண் பாவையிடத்து இல்லை. காதலரின் வேறுபட்ட நிலைகளில் உள்ளது.

கொல்லிமலைக்கே உரிய மற்றொரு வியப்பையும் இந்நெறியால் அறியலாம். புறநானூறு 152இல் வன்பரணர், ஓரி எய்த ஓரம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்கிறார். ஓரம்பு ஐந்து உயிர்களைத் துளைக்குமா எனக் கணக்கிடுவோர் உளர். பாடலோ அவ்வில்லாண்மையைக் காட்டிவிட்டு, தன்னைப் புகழக் கேட்ட அவ்வீரன் நாணிய நாணத்திற்கும், அவன் வழங்கிய கொடைக்கும் நம்மை அழைத்துச் செல்கிறது. அம்பின் வன்மை அந்நாணத்தின் பெருமையை உயர்த்த வந்தது.

நிறைவுரை

இவ்வாராய்ச்சியால் விளையும் பயன் யாது என வினவலாம். சங்க இலக்கியத்தில் கொல்லிப்பாவை சிரித்துக் கொல்வாள் என்று கூறப்பட்டுள்ளது எனத் தேர்வுத்தாள்களிலும் மேடைகளிலும் தயக்கமின்றி எழுதப்படுகிறது; பேசப்படுகிறது. 1915இல் நற்றிணை பின்னத்தூர் அ. நாராயணசாமி ஐயரின் உரையோடும், 1937இல் குறுந்தொகை டாக்டர் உ. வே. சாமிநாதையரின் உரையோடும் அச்சேறிய நாள் முதல் மூலப்பாடல்கள் கற்போர் கைக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன. அவற்றைத் திறந்து பாராமல் ஒருவர் சொன்னதை மற்றொருவர் எடுத்தாள்வதால், விளக்கம் மூலமாகிவிடுகிறது.

நபிமொழிக் கலையில் 'இஸ்னாது' என்னும் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி இக்கல்லூரி மாணவர்கள் அறிந்திருப்பர். செய்தி எவ்வளவு இனியதாயினும், யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்று கேட்ட பின்னரே அறிஞர்கள் அதனை ஏற்றனர். அச்செம்மையான பழக்கத்தை இலக்கியக் கல்வியிலும் கைக்கொள்ளுதல் நன்று. இது பாட்டில் உள்ளது, இது உரையில் உள்ளது, இது மக்கள் வழக்கில் உள்ளது எனப் பிரித்துரைப்பதால் எதுவும் சிறுமையடைவதில்லை. மலைவாழ் மக்களின் நம்பிக்கை அவர்தம் வாழ்வில் வேர்கொண்டது; அதனை மதித்தல் நம் கடன். உரையாசிரியர்களின் கதை, வினவிய மாணவர்க்கு அவர்கள் அன்போடு அளித்த விடை. அதனைப் போற்றுதலும் நம் கடன். பாட்டின் சொல்லை அதன் எல்லையில் நிறுத்திப் படிப்பது புலவர்க்கு நாம் செலுத்தும் கடன்.

மற்றொன்றும் உண்டு. ஏழு பாடல்களிலும் பாவை ஒரு சொல்லும் பேசவில்லை. அவளைக் கொலைகாரி ஆக்கியது, மறுக்கப்பட்ட ஒருவனின் துயரமொழி. அதனை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதி, அவளது மென்மையையும் மடத்தையும் காக்கும் அழகையும் பாடிய ஏனைய புலவர்களின் சான்றைக் கேளாது விடுதல் முறையாகாது. ஒருதலை முறையீட்டைக் கேட்டு ஒரு பெண்ணுக்குப் பழி சூட்டலாகாது என்பது இலக்கியத்திற்கு மட்டும் உரிய நெறியன்று. வினாக்களை எழுப்பும் மாணவர்கள் இன்னும் எழுப்புக. விடையைத் தேடும்போது முதலில் பாட்டினிடம் செல்க. காற்றும் மழையும் இடியும் அசைக்காத அப்பாவையைப் பரணரும் கபிலரும் கல்லாடனாரும் தத்தம் சொற்களில் நிறுத்தியே சென்றுள்ளனர்.